மதுரையில் மூன்று நாள்: கோயிலை ஒட்டிய சிறு லாட்ஜில் தங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து நீங்களும் அறுபத்தெட்டு வயதான உங்கள் தாயாரும் மதுரைக்கு வருகிறீர்கள். மூன்று இரவுகள் தங்குகிறீர்கள். அறைக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. ரயில் நிலையத்துக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் இடைப்பட்ட சிறிய லாட்ஜுகளில் தங்கலாமா, அல்லது உறவினர்கள் சொல்வதுபோல் வைகைக்கு வடக்கே சற்று வசதியான ஹோட்டலுக்குப் போய்விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயிலைத் தவிர நடந்து பார்க்க அங்கே வேறு ஏதேனும் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: துணைக்கு ஆண் யாரும் இல்லாமல், வயதான தாயாரோடு ஒரு சிறிய லாட்ஜில் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பதே அது. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் உள்ள ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் தொடங்கி, பிறகு மேலாளராக இருந்து, மொத்தம் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அறை வாடகைகள் மாதத்துக்கு மாதம் மாறுபவை என்பதால், வாடகை பற்றி நான் சொல்வதை மட்டும் தொலைபேசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலருகிலேயே தங்குங்கள் என்பதுதான் என் பதில். அதற்கான காரணம் கோயிலின் நேரத்தில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் காலை ஐந்து மணிக்குத் திறக்கிறது. நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு நடை சாத்தினால் மீண்டும் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். பிறகு இரவு பள்ளியறை பூஜை முடியும்வரை தரிசனம் உண்டு. நடுவே இருக்கும் அந்த மூன்றரை மணி நேரம் மதுரையில் வெயில் உச்சத்தில் நிற்கும் நேரம். ஆற்றுக்கு வடக்கே தங்கியவர்கள் அந்த நேரத்தில் அறைக்குத் திரும்பிவிட்டு மீண்டும் வருவது என்றால் இரண்டு முறை ஆட்டோ, இரண்டு முறை பாலத்து நெரிசல். ஆகவே பெரும்பாலோர் திரும்பிப் போவதில்லை. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, ஏதாவது ஜவுளிக்கடையில் நேரத்தைக் கடத்திவிட்டு, நான்கு மணிக்குக் கால் வீங்கிய நிலையில் வரிசையில் நிற்பார்கள். பத்து நிமிட நடையில் அறை இருக்கிறவருக்கு இந்தத் துன்பம் இல்லை. தாயார் மதியம் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு, முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு மாலைக் கோயிலுக்குப் புதிதாகக் கிளம்பலாம். முழங்கால் வலி உள்ளவர் ஒரே நாளில் இரண்டு வேளை தரிசனம் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மெத்தையின் தடிமனும் குளியலறையின் பளபளப்பும் இதற்கு ஈடாகா.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கினால் எதிரே மேல வெளி வீதி. அதைக் கடந்து நேர் கிழக்கே டவுன்ஹால் ரோட்டில் நடந்தால் கோயிலின் மேலக் கோபுரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நீங்கள் தேடும் வகை லாட்ஜுகள் பெரும்பாலும் இந்த டவுன்ஹால் ரோட்டிலும், அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும், இவற்றின் கிளைச் சந்துகளிலும்தான் இருக்கின்றன. பெருமாள் மேஸ்திரி வீதியின் பெயருக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1840களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நெருக்கடியில் மூச்சுத் திணறிய ஊரை விரிவாக்குவதற்காகப் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையை முன்னின்று நடத்திய நில அளவையாளர் மாரட்டின் பெயரும் மேஸ்திரி பெருமாளின் பெயரும் அப்படிக் கிடைத்த நிலத்தில் போடப்பட்ட தெருக்களுக்கு இடப்பட்டன. கிழக்கிலும் தெற்கிலும் மாரட் வீதிகள், மேற்கிலும் வடக்கிலும் பெருமாள் மேஸ்திரி வீதிகள். நீங்கள் தங்கப்போகும் லாட்ஜ் நிற்கும் இடம் சரியாகச் சுவரா, அகழியா என்று கட்டடம் கட்டடமாகச் சொல்ல முடியாது; ஆனால் ஒரு காலத்தில் ஊரின் எல்லையாக இருந்த கோட்டை விளிம்பில்தான் தூங்கப்போகிறீர்கள் என்பது உறுதி. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே அந்தக் கோட்டையின் ஒரு கொத்தளம் இன்னும் நிற்கிறது. அந்த வழியே போகும்போது தாயாருக்குக் காட்டுங்கள்.

இனி அறை. இணையத்தில் பார்க்கும் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த விடுதியும் தன்னிடம் உள்ள மிகச் சிறந்த அறையைத்தான் படம் எடுக்கும். உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்குப் பதிலாகத் தொலைபேசியில் நேரடியாகப் பேசுங்கள். முதல் கேள்வி லிஃப்ட் பற்றியது. லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. லிஃப்டுக்கு முன்னால் படிகள் உண்டா என்றும் கேளுங்கள். இந்தப் பகுதிக் கட்டடங்கள் பலவற்றில் தரைத்தளம் கடைகளுக்கு விடப்பட்டிருக்கும். வரவேற்பு மேசையே ஒரு மாடி ஏறித்தான் இருக்கும். லிஃப்ட் அங்கிருந்து தொடங்கும். ஒருமுறை தாயாரின் வயதை ஒத்த ஒரு பெரியவருக்கு மூன்றாம் மாடியில் அறை கொடுத்தேன். அன்று மாலை லிஃப்ட் பழுதாகிவிட்டது. மூன்று மாடி இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பள்ளியறை பூஜை பார்ப்பதற்காகவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொன்னோம், கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி அவர் நின்ற நிலை எனக்கு இன்றும் கண்முன் இருக்கிறது. அதன் பிறகு, முதியவர்களுக்கு லிஃப்டை நம்பி மேல்தளம் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் முதல் தளத்து அறையையே கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் இருந்தாலும் கூட.

அடுத்தது கழிப்பறை. வெஸ்டர்ன் டாய்லெட் என்பதை முன்கூட்டியே சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய விடுதிகளில் ஒரே தளத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கும். வெந்நீர் எப்போது வரும் என்று கேளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பின்கட்டில் விறகு அடுப்பில் அண்டா ஏற்றி, அதிகாலையில் பையன்கள் பக்கெட்டில் முகந்துகொண்டு வராந்தா நெடுக ‘வெந்நீர், வெந்நீர்’ என்று குரல் கொடுத்தபடி போவார்கள். கதவைத் திறந்து கையால் பதம் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். இப்போது கீசரும் சோலாரும் வந்துவிட்டன. ஆனால் சோலார் வைத்திருக்கும் இடங்களில் வெந்நீர் காலையில் சில மணி நேரந்தான் வரும். முதலில் எழுந்தவருக்கே சூடு. ஐந்து மணிக் கோயிலுக்குப் போகிறவர் என்றால் அறையிலேயே கீசர் உள்ளதா என்று கேட்பது நல்லது. குழாயில் வருவது பல இடங்களில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, குளிப்பதற்குக் கெடுதல் இல்லை, குடிப்பதற்கு மட்டும் கேன் தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது பலர் கேட்க மறக்கும் விஷயம். தெருப்பக்கம் திறந்தால் காற்றும் வெளிச்சமும் இருக்கும், ஆனால் இரவு பதினொன்று வரை வண்டிச் சத்தமும் இருக்கும். உள்பக்கம் திறந்தால் அமைதி. ஆனால் சில இடங்களில் அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பது இரண்டு கட்டடங்களுக்கு இடையில் உள்ள ஓர் இருட்டுச் சந்து மட்டுமே. என்னைக் கேட்டால் தெருப்பக்கத்து முதல் தளம்தான் மேல். அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடலாம். காற்று வராத அறைக்குப் பழக முடியாது. ஜெனரேட்டருக்கும் சமையற்கட்டுக்கும் பக்கத்து அறையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

செக்-அவுட் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே இரண்டு முறைகள் நடப்பில் உள்ளன. ஒன்று இருபத்து நான்கு மணி நேர முறை: எந்த நேரத்தில் அறை எடுத்தீர்களோ அதிலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் ஒரு நாள். மற்றது பன்னிரண்டு மணி முறை: எப்போது வந்தாலும் நண்பகலுடன் ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். இரவு ரயிலில் ஏறிக் காலை ஆறு மணிக்கு வந்து இறங்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது முறையில் முதல் ஆறு மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை போய்விடும். மூன்று நாளில் ஒரு நாள் வாடகை என்பது சிறு தொகை அன்று. வரியையும் கணக்கில் சேருங்கள். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆகவே வரியோடு 1,500க்குள் அடங்க வேண்டும் என்றால் 1,425 ரூபாய்க்கு மேற்படாத அறையைப் பாருங்கள். சாதாரண நாள்களில் இந்தத் தொகைக்கு ஏசி இல்லாத நல்ல டபுள் ரூம் சிரமமின்றிக் கிடைக்கும். ஏசி அறை கிடைப்பது நாளைப் பொறுத்தது. சித்திரைத் திருவிழாவிலும், கார்த்திகை முதல் தை வரையிலான ஐயப்ப பக்தர்கள் காலத்திலும், பெரிய முகூர்த்த நாள்களிலும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது அறை கிடைப்பதே அரிது.

பாதுகாப்பைப் பற்றி மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பகுதி லாட்ஜுகளில் தங்குகிறவர்களில் பெரும் பங்கினர் கோயிலுக்கு வரும் குடும்பங்கள்தாம். தாயும் மகளுமாக, பாட்டியும் பேத்தியுமாக வருவது இங்கே அன்றாடக் காட்சி. ஆனால் எல்லா லாட்ஜும் ஒன்றுபோல் இல்லை. பார் இணைந்த விடுதியை நீங்கள் தவிர்த்துவிட வேண்டும்; அங்கே இரவில் படிக்கட்டில் யார் ஏறி இறங்குகிறார் என்பது வரவேற்பு மேசைக்கே தெரியாது. போய் இறங்கியதும் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல விடுதி அதற்குத் தயங்காது. உள்ளே போனதும் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் விழும் ஓட்டை தேய்ந்திருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். குளியலறை ஜன்னல் பொது வராந்தாவை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேசையில் ஆதார் கேட்பார்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி அதன் நகலைக் கொடுக்கலாம். பதிவேட்டில் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வந்த காரணம் என்ன என்று எழுதச் சொல்வது காவல்துறைக்காகப் பராமரிக்கப்படும் வழக்கம். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அறை எண்ணை மேசையில் யாராவது உரக்கச் சொன்னால், மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். நான் என் பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.

நிலையத்து வாசலில் ஒரு சங்கடம் வரக்கூடும். பெயர் சொல்லி ஒரு லாட்ஜுக்குப் போக வேண்டும் என்றால், ‘அது நிறைந்துவிட்டது’ என்றோ ‘அங்கே மராமத்து நடக்கிறது’ என்றோ சொல்லி வேறு இடத்துக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக்காரர்கள் சிலர் உண்டு. அழைத்துச் செல்லும் இடத்தில் அவர்களுக்குக் கமிஷன் கிடைக்கும். அந்தக் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். எல்லா ஓட்டுநர்களும் இப்படி இல்லை. முன்பதிவு செய்த விடுதிக்கு அங்கேயே நின்று ஒரு தொலைபேசி அழைப்பு செய்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். பெட்டி கனமாக இருந்தால் விடுதியிலிருந்தே ஒரு பையனை அனுப்பச் சொல்லலாம், தூரம் அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோயிலைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். மதுரையில் கோயிலிலிருந்து பிரித்துத் தெருவைப் பார்க்க முடியாது. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அதற்கு அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அடுத்தது மாசி வீதி, கோட்டைக்கு வெளியே இருந்தது வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த இந்த வீதிகளில் எதில் நின்றாலும் கோயில் எந்தத் திசை என்று குழம்ப வேண்டியதில்லை. அதனால் வழி தவறுவோமோ என்ற பயம் வேண்டாம். சித்திரை மாதத் தேர் இன்று மாசி வீதியில் ஓடுவது புதிதாக வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது ஊரில் வழங்கும் செய்தி. அதைக் கேள்விச் செய்தியாகவே உங்களுக்குத் தருகிறேன்; தேர் மாசி வீதியில் ஓடுவதோ கண்ணால் பார்ப்பது.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்புங்கள். டவுன்ஹால் ரோட்டில் அந்த நேரத்தில் டீக்கடைகளும் பூக்காரர்களும் மட்டுமே விழித்திருப்பார்கள். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் தாயார் யாருக்கும் ஒதுங்கி வழிவிடாமல் நிதானமாக நடக்கலாம். உள்ளே போகும்போது கைப்பேசியைக் கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீவிபத்து நேர்ந்தது. அதற்குப் பின் வந்த கட்டுப்பாடு அது. அறையிலேயே விட்டுவிட்டுப் போவது மேல். இல்லையென்றால் வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், வெளியே வரும்போது அதே வாசலுக்குத் திரும்ப வேண்டும். அது முழங்கால் வலிக்காரருக்கு வீண் நடை. காலணிக்கும் இதுவே கணக்கு. உள்ளே பொற்றாமரைக் குளத்தின் படிகளை ஒட்டிய மண்டபத்தில் உட்கார இடம் உண்டு; காலை ஏழு மணிக்குள் போனால் தென் கோபுரத்தின் மீது வெயில் ஏறுவதை அங்கிருந்து பார்க்கலாம். ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. 1569இல் அரியநாத முதலியார் கட்டுவித்தது. பத்து மணிக்கு மேல் வெளிப்பிராகாரக் கல்தரை சுடத் தொடங்கும். வெறுங்காலில் ஆடி வீதியைச் சுற்ற வேண்டும் என்றால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தாயாரின் முழங்கால் எத்தனை நடையைத் தாங்கும் என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல முடியும். நான் தூரத்தை மட்டுமே சொல்கிறேன். மேலக் கோபுரத்தில் நுழைந்து இரண்டு சன்னதிகளையும் பார்த்துத் திரும்பினால் வரிசையோடு சேர்த்து ஒன்றரை கிலோமீட்டராவது நடந்திருப்பீர்கள்.

இரண்டாம் நாள் காலையை மேல மாசி வீதிக்குக் கொடுங்கள். விடுதியிலிருந்து ஐந்து நிமிட நடை. இங்கே ஒரு பழைய மாடி வீட்டில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தம் முழு உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். நாடு முழுவதும் அறிந்த அந்தத் தோற்றம் பிறந்த இடம் இப்போது கதர் விற்பனை நிலையமாக இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் தவறவிட்டுவிடக்கூடிய முகப்பு. கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள், தாயாருக்கு ஒரு கதர்த் துண்டாவது வாங்குங்கள். அதே வீதியில் இம்மையிலும் நன்மை தருவார் கோயில் உள்ளது. சிவன் தம்மையே லிங்கமாக வைத்துப் பூசிக்கும் கோலம் இங்கே; மதுரைக்காரர்கள் ஒரு காரியம் தொடங்கும் முன் வந்து போகும் கோயில் இது; கூட்டமும் குறைவு, நடையும் குறைவு. அருகிலேயே மதனகோபால சுவாமி கோயில். அதற்குரிய கல்மண்டபம் ஒன்றின் தூண்களை 1912இல் மதுரை வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி வாங்கிக் கப்பலேற்றினார். அவை இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குள் மண்டபமாக நிற்கின்றன. இந்தக் கோயிலில் நின்றுகொண்டு அதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. விடுதிக்கு வந்த பல வெளிநாட்டுப் பயணிகளிடம் இந்தச் செய்தியைச் சொல்லி, அனுப்பும்போது வழியும் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள கூடலழகர் கோயிலையும் விட்டுவிட வேண்டாம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. பெருமாளின் இருந்த, நின்ற, கிடந்த என மூன்று கோலங்களும் அட்டாங்க விமானத்தின் அடுக்குகளில் உள்ளன. மேலடுக்குகளுக்குப் படியேற வேண்டும் என்பதால் தாயார் கீழே மூலவரை வணங்கிவிட்டு உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் மேலே போய் வரலாம்.

கிழக்குப் பக்கத்துக்கு மாலையில் போங்கள். நடக்காமல் ஆட்டோவில் போய் மெதுவாகத் திரும்புவது நல்லது. 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலில் இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதியைத்தான். முன்பு நான்கு மடங்கு பெரியதாக இருந்தது என்பார்கள். அந்த அளவை அப்படியே நம்பலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் பழைய அரண்மனை மிக அகன்று கிடந்தது என்பதற்குச் சான்றாக, விளக்குத்தூணை ஒட்டிய ஜவுளிக்கடைச் சந்தில் பத்துத் தூண் என்ற பெயரிலேயே பத்துப் பெரிய கல்தூண்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. கடைக்காரர்கள் மூட்டைகளை அவற்றின் அடியில் சாய்த்து வைத்திருப்பார்கள். விளக்குத்தூண் என்பது நான் முன்னர் சொன்ன பிளாக்பர்னின் நினைவாக நட்ட விளக்குக் கம்பம். தெருவைத் திறந்துவிட்டவருக்கு ஊர் காட்டிய நன்றி. அங்கேயே ஜிகர்தண்டாவும் கிடைக்கும்: சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரே கோப்பையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் நிறைந்திருக்கும் என்று யாராவது சொன்னால் அது பழைய செய்தி. அந்தக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ரவிக்கை தைக்கக் கொடுப்பதாக இருந்தால் அங்கே போங்கள்.

காந்தி நினைவு அருங்காட்சியகமும் வண்டியூர்த் தெப்பக்குளமும் நடைத்தொலைவில் இல்லை. மூன்றாம் நாள் ஓர் ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம். கீழடி அருங்காட்சியகத்துக்கு நேரமும் தெம்பும் இருந்தால் மட்டும். எதையும் அடைத்துத் திணிக்காதீர்கள். மதிய ஓய்வை விட்டுக்கொடுத்துப் பார்க்கும் எந்த இடமும் தாயாருக்கு அடுத்த நாள் வலியாகத் திரும்பும்.

பள்ளியறை பூஜையை மட்டும் ஒரு நாளாவது தவறவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து, நாதசுரமும் மேளமும் முன்னே செல்ல, அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டு போவார்கள். பகல் வரிசையின் தள்ளுமுள்ளு அங்கே இருக்காது. எட்டரை மணிக்கே போய் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். முடிந்து வெளியே வரும்போது பத்து மணியாகிவிடும். வடக்கே ஹோட்டல் எடுத்தவர்கள் அந்நேரத்தில் ஆட்டோவிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் விளக்கு எரியும் தெரு வழியாகவே பத்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிடுவீர்கள். அந்த நேரத்திலும் டவுன்ஹால் ரோட்டில் இட்லி ஆவி பறக்கும். இரவு வெகுநேரம் ஆள்நடமாட்டம் உள்ள வீதி அது. கிளைச் சந்துகளில் மட்டும் குறுக்குவழி பார்த்துப் போக வேண்டாம்.

கடைசி நாள் அறையைக் காலி செய்த பின் ரயிலுக்கு இடையில் சில மணி நேரம் மிச்சம் இருந்தால், பெட்டிகளை வரவேற்பு மேசையிலேயே வைத்துவிட்டுப் போகலாம். மூன்று நாள் தங்கியவர்களிடம் இதற்குப் பணம் கேட்பது எங்கள் தெருவில் வழக்கம் இல்லை. பூட்டிக் கொடுங்கள், நகையும் பணமும் அதில் வைக்காதீர்கள். மாலையில் ரயிலுக்குக் கிளம்பும் வழியில் பூக்காரரிடம் மல்லிகையை மலர்ந்ததாக வாங்காமல் மொட்டாகக் கேட்டு வாங்குங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இது. வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டிக் கொடுப்பார்கள். அதைத் தாயாரின் மடியில் வையுங்கள். வண்டி திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் மொட்டுகள் விரிந்து பெட்டி முழுவதும் மணக்கும்.